பிடபிள்யூஎம்மிலிருந்து சுத்தமான ஒலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு வெள்ளிப் பட்டறைக்கு மேலே உள்ள மாடியறையில், எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் மேசை போட்டிருக்கிறேன். கீழே கொலுசுக்குத் தட்டும் சத்தம், மேலே ஈயம் பற்றவைக்கும் புகை. கல்லூரிகளில் புராஜெக்ட் காலம் வந்ததும் படியேறி வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது ஒரே பிரச்சினைதான்: “பேசும் பெட்டி செய்தேன். பேசுகிறது, ஆனால் கூடவே கத்துகிறது.” ஜவ்வரிசி ஆலைக்காரர், தறிக்காரர், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் எல்லோரும் கேட்டது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

வேறு போர்டின் பெயர் சொல்லாத இடங்களிலெல்லாம் பேச்சு 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டைப் பற்றியது. ‘பின்’ என்று சொல்வது அதன் இணைப்பு முனையை. கேள்விகளை, கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

1. சார், பின்னில் வருவது 0 வோல்ட், இல்லையென்றால் 5 வோல்ட். இரண்டே இரண்டுதான். அதிலிருந்து குரல் எப்படி வரும்?

இரண்டேதான். ஆனால் எவ்வளவு நேரம் 5-இல் நிற்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. ஒரு சுற்றில் பாதி நேரம் 5, பாதி நேரம் 0 என்றால் சராசரி 2.5 வோல்ட். முப்பது சதவீத நேரம் மட்டும் 5 என்றால் சராசரி 1.5. இந்த அகலத்தைக் குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி நொடிக்குப் பல ஆயிரம் முறை மாற்றிக்கொண்டே இருந்தால், சராசரியும் குரலைப் போலவே ஏறி இறங்கும். பாடப்புத்தகத்தில் இதற்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர். கடைத்தெருவில் பிடபிள்யூஎம்.

ஆக, பின்னிலிருந்து வரும் அலையில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. மெதுவாக மாறும் சராசரி, அதாவது குரல், நமக்கு வேண்டும். அதைச் சுமந்துகொண்டு வேகமாகத் துள்ளும் ஊர்தி அலை வேண்டாம். வடிகட்டி செய்வது ஜவ்வரிசி ஆலையில் சல்லடை செய்யும் வேலை. மணியையும் பொடியையும் அது பிரித்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் எப்பேர்ப்பட்ட சல்லடையும் கைவிரித்துவிடும். இந்தச் சல்லடையைப் பின்னால் பல இடங்களில் இழுப்பேன்.

2. பிடபிள்யூஎம்முக்கு நிரலில் அனலாக்ரைட் என்ற கட்டளை கொடுத்தேன். குரலை மூழ்கடித்துக்கொண்டு ‘ஙொய்’ என்று ஒரே சுருதியில் சத்தம். வடிகட்டி சரியில்லையா?

வடிகட்டியின் மேல் பழி இல்லை. ஊனோவில் அனலாக்ரைட் தரும் ஊர்தியின் அதிர்வெண் 490 ஹெர்ட்ஸ்தான்; 5, 6 ஆகிய இரண்டு பின்களில் மட்டும் 980. தொலைபேசியில் பேச்சு புரிவதற்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்பார்கள். அந்த வரம்புக்குள்ளேயே ஊர்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பொடியும் மணியும் ஒரே அளவு. விளக்கை மங்கவைக்கவும் மோட்டார் வேகத்தைக் குறைக்கவும் 490 போதும், ஒலிக்கு ஆகாது.

போர்டின் சிப்புக்குள் இருக்கும் டைமர் 1-ஐ 8 பிட் ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் முறையில், கடிகார வேகத்தைக் குறைக்கும் முன்வகுப்பான் இல்லாமல் ஓடவிடுங்கள். 16 மெகாஹெர்ட்ஸை 256 படிகளால் வகுத்தால் 62,500 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் எல்லையான 20,000-க்கு மூன்று மடங்கு அப்பால் ஊர்தி போய்விட்டது. வெளியீடு 9-ஆம் பின்னில் (பின் 9) வரும். என்னிடம் வந்த கத்தும் பெட்டிகளில் பெரும்பாலானவை, ஒரு பாகத்தையும் மாற்றாமல் நிரலில் சில வரிகளை மாற்றியதிலேயே அடங்கிவிட்டன.

3. அப்படியானால் 10 பிட் வைத்தால் இன்னும் தெளிவாக இருக்குமே? வைத்துப் பார்த்தேன், காதில் ஊசி குத்துவது போல் இருக்கிறது.

படிகளைக் கூட்டினால் அதிர்வெண் குறையும். கடிகாரம் ஒன்றுதான், அதைத்தான் பங்கு போட வேண்டும். 10 பிட் என்றால் 1024 படிகள். 16 மெகாஹெர்ட்ஸை அதனால் வகுத்தால் 15,625 ஹெர்ட்ஸ். பழைய டப்பா டிவியை ஆன் செய்ததும் மெல்லிய கீச்சு ஒன்று கேட்குமே, நினைவிருக்கிறதா? நம் நாட்டு டிவிகளின் கிடைக்கோட்டு அதிர்வெண்ணும் சரியாக இதே 15,625-தான். எனக்கு இப்போது அது கேட்பதில்லை, வயது. பையன்கள் காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். உங்கள் காதுக்குக் கேட்கவில்லை என்பதற்காகச் சத்தம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

10 பிட் வேண்டுமென்றால் வேகமான கடிகாரம் உள்ள போர்டுக்குப் போக வேண்டும். இஎஸ்பி32-இல் 80 மெகாஹெர்ட்ஸை 1024-ஆல் வகுத்தால் 78,125 ஹெர்ட்ஸ். ராஸ்பெரி பை பிகோவில் 125 மெகாஹெர்ட்ஸை 2048-ஆல், அதாவது 11 பிட்டுக்கு வகுத்தாலும் 61,000 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது.

4. எந்த ரெசிஸ்டர், எந்தக் கண்டென்சர் என்று நேராகச் சொல்லிவிடுங்கள் அண்ணா.

பலர் 1 கிலோ ஓமும் 10 நானோஃபாரடும் போட்டுவிட்டு வருகிறார்கள். வடிகட்டி அமுக்கத் தொடங்கும் இடமான வெட்டு அதிர்வெண்ணைக் காண 1-ஐ 2 × 3.14 × தடை × தேக்குத்திறன் என்பதால் வகுக்க வேண்டும். இந்த ஜோடிக்கு 15.9 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. ஊர்தி 62.5-இல் இருக்கிறது, நான்கு மடங்கு இடைவெளி. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் கொண்ட, ஒரே கட்டமுள்ள ஆர்சி வடிகட்டி இந்த இடைவெளியில் ஊர்தியை நான்கில் ஒரு பங்காக்கும், அவ்வளவுதான். சரிபாதி அகலமுள்ள 5 வோல்ட் சதுர அலையில் ஊர்தியின் உச்சம் 3.18 வோல்ட். வடிகட்டிய பிறகும் 0.78 வோல்ட் மிச்சம். காதுக்குக் கேட்காது என்றாலும் அடுத்து வரும் ஆம்ப்ளிஃபையரை அது படுத்தும் பாடு கேட்கும்.

நான் போடுவது இரண்டு கட்டம். பின் 9-இலிருந்து 3.3 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். அதே முனையிலிருந்து 33 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். கடைசிக் கண்டென்சரின் மேல்முனைதான் வெளியீடு. கடையில் எடுக்கும்போது வண்ணப் பட்டைகளைப் பாருங்கள்: ஆரஞ்சு, ஆரஞ்சு, சிவப்பு என்றால் 3.3 கிலோ; மூன்றும் ஆரஞ்சு என்றால் 33 கிலோ. கண்டென்சரில் 103 என்று இருப்பது 10 நானோஃபாரட், 102 என்று இருப்பது 1. ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் டியூப்லைட் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டு அரை நாள் தேடியிருக்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்தின் வெட்டு அதிர்வெண்ணும் 4.8 கிலோஹெர்ட்ஸ். ஊர்தி அதற்குப் பதின்மூன்று மடங்கு மேலே இருக்கிறது. இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 170-இல் ஒரு பங்காகச் சுருங்கும். 3.18 வோல்ட் இப்போது 19 மில்லிவோல்ட். இரண்டும் சேர்ந்து குரலைக் குறைக்கத் தொடங்கும் இடம் 2.9 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். அறிவிப்புக்கு நன்றாகவே போதும். சங்கீதத்துக்குப் போதாது, அதற்கு 15-ஆம் கேள்வி.

5. இரண்டாவது கட்டத்தில் ஏன் பத்து மடங்கு? இரண்டிலும் 3.3 கிலோவும் 103-உம் போட்டால் ஒரே வகைப் பாகமாக வாங்கிவிடலாமே?

வாங்கலாம். ஆனால் இரண்டாவது கட்டம் முதல் கட்டத்திடமிருந்துதான் மின்னோட்டத்தை உறிஞ்சும். இரண்டும் சம பலம் என்றால் முதல் கட்டம் தள்ளாடி, குரல் 1.8 கிலோஹெர்ட்ஸிலேயே இறங்கத் தொடங்கிவிடும். கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுவது போல இருக்கும்; ‘ச’வும் ‘ஸ’வும் காணாமல் போகும். தடையைப் பத்து மடங்காக்கி, கண்டென்சரைப் பத்தில் ஒன்றாக்கினால் வெட்டு அதிர்வெண் மாறாது, முதல் கட்டத்தின் மேல் பாரமும் ஏறாது.

6. வடிகட்டியின் முனையில் ஸ்பீக்கரை வைத்தேன், மூச்சுக்கூட இல்லை. வடிகட்டியை எடுத்துவிட்டுப் பின்னிலேயே நேராக வைத்தால் சத்தம் வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5 வோல்ட்டில் கேட்பது 625 மில்லியாம்ப். பின்னின் உச்ச வரம்பு 40. நிம்மதியாக ஓட 20. இப்படிச் செத்த போர்டுகளுக்கென்றே என் மேசையில் ஓர் இழுப்பறை இருக்கிறது. வடிகட்டியின் முனையில் சத்தம் வராததற்குக் காரணமும் அதேதான்: 36 கிலோ ஓமைத் தாண்டி வரும் மின்னோட்டம் 8 ஓம் ஸ்பீக்கரின் கூம்பை அசைக்காது. நடுவில் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

7. எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கட்டும்? பிஏஎம்8403 போர்டு மலிவாகக் கிடைக்கிறது, எல்எம்386 பழசு என்கிறார்கள்.

பழசுதான். ஆனாலும் இந்த வேலைக்கு எல்எம்386-ஐத்தான் கையில் கொடுப்பேன். 1, 8 கால்களுக்கு நடுவே எதையும் போடாவிட்டால் அது 20 மடங்கு பெருக்கும், அது போதும். 10 மைக்ரோஃபாரட் போட்டு 200 மடங்காக்குவது ஊர்தியின் மிச்சத்தையும் சேர்த்துப் பெருக்கத்தான் உதவும். அதன் உள்ளீடு 0.4 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நம் குரலின் உச்சமோ 2.5 வோல்ட். ஆகவே வடிகட்டியின் முனையிலிருந்து ஒரு 104 கண்டென்சர் (100 நானோஃபாரட்), அதை அடுத்து 100 கிலோ ஓம், அதன் பிறகு 10 கிலோ ஓம் வால்யூம். வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் 0.17 வோல்ட்டுக்கு மேல் போகாது. 100 கிலோ ஓம் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 10 கிலோவை நேராகத் தொங்கவிட்டால் 5-ஆம் கேள்வியில் சொன்ன பாரம் மறுபடியும் ஏறி, குரல் குறையும், ஊர்தி குறையாது.

பிஏஎம்8403 கெட்ட சரக்கு அல்ல. அதுவே உள்ளுக்குள் பிடபிள்யூஎம் ஓட்டும் கிளாஸ் டி வகை. ஏறக்குறைய 260 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். நம் 62.5-இன் நான்காவது மடங்கு 250. உள்ளே வரும் மிச்ச ஊர்தி அதனோடு உரசினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 கிலோஹெர்ட்ஸ் கீச்சாக வெளியே வரும். ஐசிக்கு ஐசி 260 முன்பின் இருப்பதால் ஒரு பெட்டியில் கீச்சிடும், அடுத்த பெட்டியில் இருக்காது. ஆளைப் பைத்தியமாக்கும் வகைக் கோளாறு இது. ஒரு கட்ட வடிகட்டியோடு இந்த ஐசியைச் சேர்க்கவே வேண்டாம். இரண்டு கட்டம் இருந்தால் சேர்க்கலாம்.

8. அந்த 104 எதற்கு? எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அது இருந்தும் ஆன் செய்ததும் ‘டம்’ என்று அடிக்கிறதே?

குரல் இல்லாத நேரத்திலும் வடிகட்டியின் முனையில் 2.5 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. 104 அதைத் தடுத்து, ஆட்டத்தை மட்டும் உள்ளே விடுகிறது. மேற்சொன்ன தடைகளோடு சேர்ந்து 11 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நிறுத்தும். எந்த மனிதக் குரலும் அங்கே இல்லை. மின்னாற்பகுப்புக் கண்டென்சர் போட வேண்டாம்; 104 பிளாஸ்டிக் வகையில் பிளஸ் மைனஸ் குழப்பமே கிடையாது.

‘டம்’ வருவது 0-விலிருந்து 2.5-க்கு ஒரே தாவலில் போவதால். நிரல் தொடங்கியதும் அகலத்தை 0-விலிருந்து 127 வரை, அதாவது பாதி அகலம் வரை, ஒரு நொடி எடுத்துக்கொண்டு படிப்படியாக ஏற்றுங்கள். நிறுத்தும்போதும் அப்படியே இறக்குங்கள். ஒரு அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிடபிள்யூஎம்மை அணைக்காமல் நடுநிலையிலேயே ஓடவிடுங்கள்.

9. 8 கிலோஹெர்ட்ஸில் பதிந்த குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போல் இருக்கிறது. ஊர்திதான் 62.5-இல் இருக்கிறதே?

ஊர்தியும் மாதிரி வீதமும் வேறு வேறு. ஊர்தி நொடிக்கு 62,500 முறை துள்ளினாலும், புது எண்ணை நொடிக்கு 8,000 முறைதான் கொடுக்கிறீர்கள். அப்போது குரலின் ஒவ்வொரு சுரத்துக்கும் 8,000-ஐச் சுற்றி ஒரு பிம்பம் உண்டாகும். 1,000 ஹெர்ட்ஸுக்கு 7,000-இலும் 9,000-இலும். இவற்றை வடிகட்டி ஓரளவு அமுக்கிவிடும். 3,400-க்கு உள்ள பிம்பமோ 4,600-இல் விழும். மறுபடியும் ஒரே அளவுப் பொடியும் மணியும். அந்தத் தகரச் சத்தம் இதுதான்.

ஒலியை 15,625 மாதிரி வீதத்துக்கு மாற்றுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் அந்த எண்ணை அப்படியே தட்டச்சு செய்யலாம். ஏன் வட்டமாக 16,000 வேண்டாம்? 62,500-ஐ நான்கால் வகுத்தால் மீதமின்றி 15,625 வருகிறது. நான்கு துடிப்புக்கு ஓர் எண் என்று தவறாமல் மாறும். 16,000 வைத்தால் சில நேரம் மூன்று துடிப்பு, பெரும்பாலும் நான்கு என்று தடுமாறும், குரலில் ஒரு கரகரப்பு ஏறும். ஊனோவின் 32 கிலோபைட்டில் இந்த வீதத்தில் இரண்டு நொடிதான் அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்டி கார்டு.

10. 8 பிட்டில் மெதுவான பேச்சு வரும்போது மணல் தேய்ப்பது போல் ‘சர்ர்’. இதற்கு வழி இல்லையா?

இருக்கிறது. 8 பிட்டுக்குச் சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி அதிகபட்சம் 50 டெசிபல். மெதுவாகப் பேசினால் அதிலும் குறையும். முதல் வைத்தியம் செலவில்லாதது: பதிவை முழு அளவுக்கு உயர்த்தி, உச்சங்களை அமுக்கிச் சமப்படுத்துங்கள். கோயில் ஒலிபெருக்கிக்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது வைத்தியம் இரண்டு பின். டைமர் 1-க்கு 9, 10 என இரண்டு வெளியீடு உண்டு. 16 பிட் எண்ணின் மேல் பாதியை ஒன்றிலும் கீழ்ப் பாதியை மற்றொன்றிலும் அனுப்பி, முதலாவதை 3.9 கிலோ ஓம் வழியாகவும், இரண்டாவதை 1 மெகா ஓம் வழியாகவும் ஒரே முனையில் சேருங்கள். விகிதம் ஏறத்தாழ 256. நான்காம் கேள்வியில் உள்ள 3.3 கிலோவின் இடத்தில் இந்த ஜோடி உட்காரும், மற்றவை அப்படியே. ஒரு சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர் போட்டாலும் பின்னின் உள்தடை கணக்கைக் கலைக்கும். காகிதத்தில் 16 பிட், கையில் 13 அல்லது 14. அதுவே பெரிய முன்னேற்றம்.

11. அதே இரண்டு பின் பெட்டியை ஏற்காட்டுத் தோட்டத்தில் வைத்தோம். விடியற்காலையில் படபடவென்று பொரிகிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. பேய் பிடித்ததா?

இது என் நண்பர் கேட்டது, குற்றவாளி நான்தான். காட்டெருமை தோட்டத்துக்குள் வந்தால் வேலையாட்களை எச்சரிக்கும் பெட்டி அது. சேலத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைக்கு அனுப்பினேன். 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வருகிற ஊர் என்பதை மறந்துவிட்டேன்.

மூடியைக் கழற்றியதும் தெரிந்தது. 1 மெகா ஓமின் காலடியில், பற்றவைத்தபோது வழிந்த ஃபிளக்ஸ் பசை தேன் நிறத்தில் காய்ந்திருந்தது. அதன் மேல் விரலை வைத்தால் பிசுபிசுப்பு. பக்கத்திலேயே 5 வோல்ட் தடம் ஓடியது. ஈரத்தை உறிஞ்சிய பசை அந்த இரண்டுக்கும் நடுவே கள்ளப் பாதை போட்டிருந்தது. 1 கிலோ ஓம் இருக்கும் இடத்தில் இப்படிப்பட்ட கசிவு ஒன்றும் செய்யாது. 1 மெகா ஓம் இருக்கும் இடத்தில் அதுதான் ராஜா. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்து, காயவைத்து, போர்டு முழுக்க வார்னிஷ் பூசினேன். பிறகு பொரியவில்லை. மலைக்குப் போகும் பெட்டி என்றால் இரண்டு பின் வித்தையைத் தவிர்க்கச் சொல்வேன். எருமை எச்சரிக்கைக்கு 8 பிட் போதும்.

12. இளம்பிள்ளையிலிருந்து பேசுகிறேன். தறி ஓட ஆரம்பித்ததும் பெட்டி உறுமுகிறது, தறி நின்றால் நிற்கிறது. வடிகட்டியை இன்னும் கெட்டியாக்கவா?

வேண்டாம். உறுமல் 50, 100 ஹெர்ட்ஸ் வாக்கில் வருவது. அது குரலுக்கும் கீழே இருக்கிறது. நம் சல்லடை மேலே உள்ளதைத்தான் நிறுத்தும்.

பிடபிள்யூஎம்மின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பின் 5 வோல்ட்டில் நிற்கிறது என்றால், போர்டின் சப்ளை அந்த நொடியில் என்னவோ அதில் நிற்கிறது என்று பொருள். சப்ளையில் 50 மில்லிவோல்ட் ஆட்டம் இருந்தால், பாதி அகலத்தில் 25 மில்லிவோல்ட் அப்படியே ஒலியில் ஏறிவிடும். முதலில் பெட்டியை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் போய்விட்டால் குற்றம் அடாப்டருடையது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், 9-ஆம் பின்னுக்கும் வடிகட்டிக்கும் நடுவே ஒரு 74எச்சி04 ஐசி வைத்து, அதற்கு மட்டும் தனி 7805 ரெகுலேட்டரிலிருந்து சுத்தமான 5 வோல்ட் கொடுங்கள். துடிப்பின் நேரத்தை ஊனோ முடிவுசெய்யும், உயரத்தை 7805 முடிவுசெய்யும். அந்த ஐசிக்குள் இருக்கும் ஒரு கதவு (கேட்) அலையைத் தலைகீழாக்கும் என்று கவலைப்படாதீர்கள். ஒலிக்கு வித்தியாசம் தெரியாது.

கிரவுண்டு வயர்களையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபையர், போர்டு, வடிகட்டி மூன்றின் கிரவுண்டும் சங்கிலியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகாமல், சப்ளையின் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும்.

13. மஞ்சள் நிற பிளாஸ்டிக் கண்டென்சர் கிடைக்கவில்லை. சின்ன செராமிக் வில்லை போடலாமா?

வேலை செய்யும். பென்சிலால் அதைத் தட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரில் ‘டக் டக்’ கேட்டால் சிரிக்காதீர்கள்; சில செராமிக் வகைகள் மைக் போல நடந்துகொள்ளும், மின்னழுத்தம் ஏற ஏற அவற்றின் மதிப்பும் குறையும். சி0ஜி என்ற வகையில் இந்தத் தொல்லை இல்லை. 102 அந்த வகையில் எளிதாகக் கிடைக்கும்.

14. சார், இந்தப் பெட்டியை ஆன் செய்தால் தாத்தாவின் ரேடியோவில் விசில் அடிக்கிறது. என்னிடம் ஆஸிலோஸ்கோப் வேறு இல்லை, எங்கிருந்து கசிகிறது என்று எப்படிப் பார்ப்பது?

தாத்தாவின் ரேடியோதான் உங்கள் ஆஸிலோஸ்கோப். சதுர அலையில் ஊர்தியின் மடங்குகள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. 62.5-ஐப் பதினைந்தால் பெருக்கினால் 937.5 கிலோஹெர்ட்ஸ். திருச்சி வானொலியின் மத்திய அலை 936. வித்தியாசம் 1.5 கிலோஹெர்ட்ஸ், தெளிவான விசில். பதினாறால் பெருக்கினால் 1,000. கோவை வானொலி 999. அங்கே 1 கிலோஹெர்ட்ஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்டி பேசாமல் சரிபாதி அகலத்தில் ஓடும்போது இரட்டைப்படை மடங்குகள் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே பெட்டி மௌனமாக இருக்கும்போது திருச்சியில் விசில், பேசத் தொடங்கினால்தான் கோவையிலும். ஊனோவின் செராமிக் ரெசொனேட்டர் துல்லியமான படிகம் அல்ல என்பதால் விசிலின் சுருதி என் கணக்கிலிருந்து விலகியிருக்கும்.

ரேடியோவை வயர்களின் ஓரமாக நகர்த்துங்கள். வடிகட்டிக்கு முன்னால் உள்ள வயர் அருகே விசில் உரக்கக் கேட்கும், பின்னால் உள்ளதன் அருகே தேய்ந்துவிட வேண்டும். அங்கேயும் உரக்கக் கேட்டால் 10 நானோஃபாரடின் கிரவுண்டு முனை சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். தீர்வும் அதிலேயே இருக்கிறது: வடிகட்டியை ஆம்ப்ளிஃபையர் பக்கம் வைக்காமல், 3.3 கிலோ ஓமைப் பின் 9-ஐ ஒட்டி வையுங்கள். வடிகட்டாத வயர் ஒரு சாண் நீளம் இருந்தால் அது வயர் அல்ல, ஆன்டெனா. மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால், அகலத்தை 127-இல் நிறுத்தி வெளியீட்டின் டிசியை அளங்கள், 2.5 வோல்ட் வந்தால் வயரிங் சரி. ஏசி வரம்பில் வைத்து ஊர்தியை அளக்க முயலாதீர்கள். சாதாரண மீட்டர் 62 கிலோஹெர்ட்ஸில் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

15. எனக்கு அறிவிப்பு வேண்டாம், நாதஸ்வரம் வேண்டும். இதே மாதிரி நான்கைந்து கட்டம் அடுக்கினால் சுத்தமாகிவிடுமா?

அடுக்கினால் ஊர்தி சுத்தமாகும், நாதஸ்வரம் செத்துவிடும். ஆர்சி கட்டங்களின் சரிவு மழுங்கலானது. ஒவ்வொன்றும் குரலின் மேல் ஓரத்தையும் கொஞ்சம் கடிக்கும். இசைக்கு முதலில் இஎஸ்பி32 அல்லது பிகோவுக்குப் போய் ஊர்தியை 78-க்கோ 120-க்கோ தூக்குங்கள். பொடி எவ்வளவு பொடியாகிறதோ, சல்லடையின் கண் அவ்வளவு பெரிதாக இருக்கலாம்.

அதன் பிறகு ஆப்ஆம்ப் என்ற பெருக்கி ஐசியைக் கொண்ட வடிகட்டி. சாலனும் கீயும் 1955-இல் வெளியிட்ட சுற்று இன்றுவரை சலிக்காமல் உழைக்கிறது. இரண்டு 10 கிலோ ஓம், பின்னூட்டத்தில் 4.7 நானோஃபாரட், கிரவுண்டுக்கு 2.2 நானோஃபாரட் என்றால் 5 கிலோஹெர்ட்ஸ் வரை சமமாகப் போய் அதன் பிறகு செங்குத்தாக விழும். கண்டென்சர்களை மூன்றில் ஒரு பங்காக்கினால் 15 கிலோஹெர்ட்ஸ். எல்எம்358 வேண்டாம், 5 வோல்ட் சப்ளையில் அதன் வெளியீடு 3.5-க்கு மேல் ஏறாமல் உச்சங்களை நறுக்கிவிடும். எம்சிபி6002 போடுங்கள். எந்த ஆப்ஆம்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் சோர்ந்துபோய் ஊர்தியின் மடங்குகளைப் பின்வாசல் வழியாக விட்டுவிடும். ஆகவே அதற்கு முன்னால் ஒரு சாதாரண ஆர்சி கட்டம் கட்டாயம்.

16. கிளாஸ் டி போர்டுகளில் ரெசிஸ்டர் இல்லாமல் ‘காயில்’ என்ற கம்பிச்சுருளை வைக்கிறார்களே. நாமும் அதை வைத்தால் என்ன?

அங்கே வடிகட்டிக்குப் பின்னால் நேராக ஸ்பீக்கர். ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் போகும் பாதையில் ரெசிஸ்டர் வைத்தால் அது அடுப்பாகிவிடும். காயில் சக்தியைத் தின்னாது. 8 ஓமுக்கு 33 மைக்ரோஹென்றியும் 0.47 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 40 கிலோஹெர்ட்ஸ் வரும். ஊர்தி 250-க்கு மேல் இருப்பதால் அவர்களுக்கு அது போதும். நம் 62.5-க்கு 40 மிக அருகில். தவிர, 6-ஆம் கேள்வியில் சொன்ன 20 மில்லியாம்ப் பின்னைக் கொண்டு அந்தக் காயிலையும் ஸ்பீக்கரையும் ஓட்ட முடியாது. நடுவில் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மாஸ்ஃபெட் வேண்டும். அது வேறு வேலை.

17. இவ்வளவு தலைவலிக்கு டிஎஃப்பிளேயர் என்ற எம்பி3 போர்டை வாங்கிவிட்டால் முடிந்ததே?

முடிந்தது. கார்டில் உள்ள எம்பி3-ஐ வாசிப்பது மட்டும்தான் வேலை என்றால் அதையே வாங்குங்கள். வாங்கச் சொல்லி நானே அனுப்பிவைக்கிறேன். நிரலே ஒலியை உருவாக்க வேண்டும், அல்லது கையில் இருக்கும் போர்டிலேயே ஒப்பேற்ற வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பக்கம். பழைய இஎஸ்பி32-இல் 25, 26 பின்களில், எண்ணை நேராக மின்னழுத்தமாக்கும் 8 பிட் டிஏசி இரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு ஊர்தி கிடையாது, ஆனால் 9-ஆம் கேள்வியின் பிம்பங்கள் உண்டு. வடிகட்டி அங்கேயும் வேண்டும்.

18. என் போர்டு 3.3 வோல்ட். நான்காம் கேள்வியின் மதிப்புகளை மாற்ற வேண்டுமா?

வடிகட்டியில் ஒன்றும் மாற்ற வேண்டாம். வெட்டு அதிர்வெண்ணுக்கு வோல்ட் தெரியாது. குரலின் உச்சம் 2.5-க்குப் பதில் 1.65 ஆகும், சத்தம் கொஞ்சம் குறையும். 7-ஆம் கேள்வியில் சொன்ன 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு 68 கிலோ போடுங்கள்: நீலம், சாம்பல், ஆரஞ்சு.